ஆறாவது ஸ்டேஜில் அரை அங்குலம்

மார்ச் 3

'விளக்குக்காரன்' கேசட் தயாரித்த கம்பெனியாருக்கு,

வணக்கம். கேசட் பெட்டிக்குப் பின்னால் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்த முகவரிக்கு இதை எழுதுகிறேன். பாராட்டுக் கடிதம் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டாம்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். என் கணவர் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவர். போன விடுப்பில் வந்தபோது ஒரு வீடியோ கேம் பெட்டியும் உங்கள் கேசட்டும் வாங்கி வந்தார். ஒரு வாரம் ஆடினார், இரண்டாவது ஸ்டேஜைக்கூடத் தாண்டவில்லை, திரும்பக் கப்பலேறிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி எனக்கும் என் நாத்தனாருக்கும் என்று ஆகிவிட்டது. கடையில் துணி வெட்டுவது அவள், தைப்பது நான். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கதவைச் சாத்திவிட்டு ஆடுவோம். ஒரு உயிர் அவளுக்கு, அடுத்த உயிர் எனக்கு.

விளையாட்டில் குறை இல்லை. தோளில் கம்பு, கம்பு நுனியில் நெருப்பு, ஒரு ஆள் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே தெருவிளக்குகளை ஏற்றுகிறான். வௌவால் வந்தால் கம்பால் ஒரு போடு, பள்ளம் வந்தால் ஒரு தாவல். ஸ்டேஜ் முடிவில் ஒரு தடியன் வழிமறிக்கிறான், அவனையும் அடிக்கிறோம். எல்லாம் சரி. ஐந்து ஸ்டேஜை ஆறு மாதத்தில் முடித்தோம்.

ஆறாவது ஸ்டேஜ், கடிகாரக் கோபுரம். அதன் கோடியில் இரண்டு பெரிய பற்சக்கரங்கள், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் நவம்பரிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறோம். பள்ளம் தப்பாக இருக்கிறது என்பது என் எண்ணம். எங்கள் கை தப்பு என்பது நாத்தனாரின் எண்ணம். எது உண்மை என்று உடனே எழுதவும். எங்களுக்கு அவசரம் உண்டு.

இப்படிக்கு,
தையற்கடைக்காரி


மார்ச் 12

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம். எங்கள் தயாரிப்பின் மீது தாங்கள் கொண்டுள்ள ஆர்வத்திற்கு நன்றி.

தாங்கள் குறிப்பிட்ட இடம் சற்றுக் கடினமானதே. எனினும் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் அதை வெற்றிகரமாகத் தாண்டியுள்ளனர். கீழ்க்கண்ட ஆலோசனைகள் தங்களுக்கு உதவக்கூடும். முதல் சக்கரத்தின் விளிம்புவரை ஓடிவந்து தாவவும். தாவும் பொத்தானை அழுத்தியபடியே இருக்கவும். அவசரம் வேண்டாம். விடாமுயற்சி வெற்றி தரும்.

தங்கள்,
வாடிக்கையாளர் பிரிவு


மார்ச் 19

வாடிக்கையாளர் பிரிவுக்கு,

முதலில் ஒன்று. எனக்கு வயது முப்பத்தொன்பது. 'அம்மா அவர்களுக்கு' என்று எழுதியதைப் படித்துவிட்டு நாத்தனார் இரண்டு நாளாக என்னை 'அம்மா அவர்களே, ஊசி நூல் எடுங்க' என்று கூப்பிடுகிறாள்.

இரண்டாவது, உங்கள் ஆலோசனைகள். விளிம்புவரை ஓடுவது, பொத்தானை அழுத்திப் பிடிப்பது, அவசரப்படாமல் இருப்பது. இதையெல்லாம் நவம்பர் மாதமே செய்து பார்த்துவிட்டோம். அவசரப்பட்டும் பார்த்தோம்.

மூன்றாவதாக, நான் தையற்காரி. சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை டீவித் திரையின்மேல் டேப்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், நாத்தனார் ஆளைத் தாவவிட்டாள். முதல் ஸ்டேஜில், சமதரையில், தடுக்க யாரும் இல்லாத இடத்தில், இருபத்து மூன்று தாவல். ஒவ்வொன்றும் நாலரை அங்குலம். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு ஆறாவது ஸ்டேஜுக்குப் போய் அந்தப் பள்ளத்தை அளந்தேன். ஐந்து அங்குலம்.

நம்பிக்கை வராவிட்டால் இத்துடன் இரண்டு காகிதப் பட்டைகள் வைத்திருக்கிறேன், பாருங்கள். நாங்கள் சட்டைக்கு மாதிரி வெட்டும் பழுப்புத்தாள்தான். நீளமானது உங்கள் பள்ளம். குட்டையானது உங்கள் ஆள். ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, அந்த ஆயிரக்கணக்கானோரில் ஒரே ஒருவருடைய முகவரியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். நேரில் போய்க் காலில் விழுந்து கற்றுக்கொள்கிறேன்.

அவசரம் என்று ஏன் சொன்னேன் என்றால், நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மே கடைசியில் பதிவாளர் ஆபீசில் கையெழுத்து. மாப்பிள்ளை கடைகளில் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் அதிகாரி. வேலை பார்க்கும் ஊரில் வீடு பிடித்துவிட்டு, ஜூன் பன்னிரண்டாம் தேதி வந்து அவளை அழைத்துப் போகிறார். பஸ்ஸில் பதினோரு மணி நேரம். அதற்குள் இந்த ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரு பிடிவாதம்.

இப்படிக்கு,
தையற்கடைக்காரி


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

அக்கா என்று எழுதலாம்தானே? எனக்கு இருபத்தாறு. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வாடிக்கையாளர் பிரிவு என்று ஒன்று கிடையாது. டயர்க் கடைக்கு மேலே ஒரு மாடி, அதில் இரண்டு அறை. முன்னறையில் முதலாளி, பின்னறையில் நான். விளக்குக்காரனுக்குப் புரோகிராம் எழுதியது நான். கடிதங்களுக்குப் பதில் போடுவதும் நான்தான்.

நீங்கள் அனுப்பிய பட்டைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அளவு சரி. எங்கள் கணக்கில் ஆளின் தாவல் எழுபத்திரண்டு திரைப்புள்ளி. பள்ளம் எண்பது. அது தவறிப்போய் நடந்ததல்ல. நான் வேண்டுமென்றே வைத்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டு ஸ்டேஜ் என்று பேச்சு. நான் புரோகிராம், என் கூட்டாளி படம். ஆறாவது ஸ்டேஜ் பாதியில் இருக்கும்போது அவனுக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது, ஒரு திங்கட்கிழமை வரவேயில்லை. அதற்குள் 'எட்டு ஸ்டேஜ்கள்!' என்று ஆச்சரியக்குறி போட்டுப் பெட்டியெல்லாம் அச்சாகிவிட்டது. தொழிற்சாலைக்குச் சிப் அனுப்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது. 'எல்லாம் ரெடிதானே?' என்று முதலாளி கேட்டார். ரெடி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்னறைக்குள் போய், கடைசிப் பள்ளத்தைத் தாவலைவிட எட்டுப் புள்ளி அகலமாக்கினேன்.

அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை அக்கா. ஏழு இல்லை, எட்டு இல்லை. யாராவது எப்படியாவது தாண்டிவிட்டால் திரை கருப்பாகிப் பெட்டி அப்படியே நின்றுவிடும்.

பதினான்கு மாதமாகிறது. இதுவரை முப்பத்தொரு பேர் எழுதிவிட்டார்கள். முப்பத்தொரு பேருக்கும் 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்று பதில் போட்டிருக்கிறேன். அளந்து பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தால் நானும் ஒரு திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டியிருக்காது.

மன்னித்துவிடுங்கள். உங்கள் நாத்தனாரிடமும் சொல்லுங்கள், அவர் கையில் ஒரு தப்பும் இல்லை.

இப்படிக்கு,
புரோகிராம் எழுதியவன்


ஏப்ரல் 8

தம்பி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். 'அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை' என்ற இடம் வந்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாத்தனாரோ வெட்டிக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பிளவுஸ் அளவு கொடுக்க வந்திருந்த ஆசிரியை ஒருவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"அண்ணி, அஞ்சு மாசமா நாம ஒண்ணுமே இல்லாத இடத்துக்குப் போறதுக்கா இந்த அடி அடிச்சுக்கிட்டோம்!" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கை வைத்துத் தைத்த சட்டையை மடித்துப் பெட்டியில் போட்டு, இன்னொரு கை எங்கே என்று கேட்கிறவரிடம் 'முயற்சி செய்து மாட்டிப் பாருங்கள்' என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? கடைக்குள் ஆள் வரமாட்டார்கள், கல்தான் வரும்.

அதனால் உனக்கு இரண்டு வேலை. முதல் வேலை, உன் முதலாளியிடம் போய் உண்மையைச் சொல். ஒரு பொய்யை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் சாப்பிட்டது எப்படிச் செரித்தது உனக்கு? இரண்டாவது, மீதி இரண்டு ஸ்டேஜையும் எழுதி முடி. ஜூன் பன்னிரண்டுக்குள். உனக்கு இரண்டு மாதம் இருக்கிறது. நான் இரண்டு மாதத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

திட்டு கிடைத்தது. எல்லாம் நியாயம்தான். ஆனால் முடியாது.

கேசட்டுக்குள் இருக்கும் சிப்பில் இடம் ஒரு அளவுதான். ஆறு ஸ்டேஜுக்கே கழுத்துவரை நிரம்பிவிட்டது. மீதி இருக்கும் இடத்தில் ஒரு தெருவும் நாலு வௌவாலும் போட்டால் தீர்ந்துபோகும். படம் வரைய ஆளும் இல்லை. நான் வரைந்தால் வௌவாலுக்கும் வாளிக்கும் வித்தியாசம் தெரியாது. முதலாளியிடம் சொல்வதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நேற்று அவருடைய கதவுவரை போனேன். 'என்னடா?' என்றார். 'ஃபேன் சத்தம் போடுது சார்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு ஃபேனைக் கழற்றி எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான். அந்தப் பள்ளத்துக்கு அப்பால் என்ன இருக்கும் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

தம்பி


ஏப்ரல் 23

தம்பி,

உன் கடைசி வரியை நாத்தனார் பிடித்துக்கொண்டாள். இத்துடன் இருக்கும் பதினெட்டுத் தாள்களும் அவள் வேலை. மூன்று நாளாகக் கடையில் வெட்டு வேலை நின்றுபோய், வருகிறவர்களிடமெல்லாம் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏழாவது ஸ்டேஜ் மொட்டைமாடிகள். மாடிக்கு மாடி துணி காயப்போட்ட கொடிகள். நம் ஆள் கொடியில் தொங்கி அடுத்த மாடிக்குப் போக வேண்டும். காற்றில் பறக்கும் சட்டைகள்தான் எதிரிகள். கத்திரிக்கோல் மாதிரி கொடுக்கு உள்ள நண்டு ஒன்று கொடியை வெட்டிக்கொண்டே வரும், அதற்குள் ஓடிவிட வேண்டும். எட்டாவது ஸ்டேஜில் விளக்கே இல்லாத ஊர். நம் ஆள் கம்பைத் தூக்கிப் பிடித்தால் அவனைச் சுற்றி மட்டும் வெளிச்சம். கடைசித் தடியன் ஒரு ராட்சத விட்டில்பூச்சி.

இடம் இல்லை என்கிறாய். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒண்ணரை மீட்டர் துணியைக் கொடுத்து முழுக்கைச் சட்டை கேக்கறவங்களை நான் தினம் பாக்கறேன். விட்டில்பூச்சிக்கு இடப்பக்கம் மட்டும் வரைஞ்சிருக்கேன் அண்ணி. துணியை மடிச்சு ஒரு தடவை வெட்டினா ரெண்டு பக்கமும் வராதா? அதே மாதிரி அவரைத் திருப்பிப் போட்டுக்கச் சொல்லுங்க. பறக்குற சட்டைக்குப் புதுசா ஒண்ணும் வேண்டாம். மூணாவது ஸ்டேஜ்ல வர்ற பேயோட தலையை மட்டும் எடுத்துட்டா அதுவே சட்டைதான்."

இது உன் பெட்டியில் நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியாது. அவள் மூஞ்சியைப் பார்த்தால் நடக்கும் போலத்தான் இருந்தது.

அக்கா


மே 9

அக்கா!

நடக்கிறது! இடப்பக்கத்தை வலப்பக்கமாகத் திருப்புவதற்கு எங்கள் பெட்டியில் ஏற்கெனவே வழி உண்டு. எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு ஸ்டேஜில் ஓர் இடத்தில்கூட நான் அதை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. உங்கள் நாத்தனார் தாள்களைப் பார்த்த பிறகு பழைய ஸ்டேஜ்களிலும் போய் மடித்து மடித்து வெட்டினேன். வீடுகள், மரங்கள், சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் பாதிதான். சிப்பில் எவ்வளவு இடம் மிச்சமாயிற்று என்று பார்த்தபோது ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று பயந்து இரண்டு தடவை எண்ணினேன். தலை எடுத்த பேய் அசல் சட்டைதான். காலரை மட்டும் நான் சேர்த்தேன். அதற்கு நான் அனுமதி கேட்டதாக உங்கள் நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

தினமும் முதலாளி வருவதற்கு முன், காலை ஆறு மணிக்கே வந்து வேலை செய்தேன். போன வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டேன். டயர்க் கடைக்கு லாரி வருகிறது, வாசல் அடைபடும் என்று அவர் சீக்கிரம் வந்துவிட்டார். என் பின்னால் நின்றிருக்கிறார், எனக்குத் தெரியாது. திரையில் மொட்டைமாடி, கொடியில் ஆள் தொங்குகிறான்.

"இது எந்த ஸ்டேஜ்?" என்றார்.

"ஏழு சார்."

"ஏழா? ஏழுக்கு எப்படிடா போனே?"

அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பள்ளம், எட்டுப் புள்ளி, கருப்புத் திரை, முப்பத்தொரு கடிதம், உங்கள் பட்டைகள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பட்டைகளைக் கையில் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். இன்றோடு தீர்ந்தது என்று நான் என் டிபன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரு வருஷமா அந்தப் பள்ளத்துல விழறேன்டா" என்றார் கடைசியில். "நம்ம கேசட்டை நாமளே முடிக்கலன்னா வெளிய சொல்ல முடியுமா? வீட்ல முடிச்சிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன். கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சுக் கண் டாக்டர்கிட்டக் கூடப் போனேன். கண்ணாடி மாத்திக் கொடுத்தாரு. இது அந்தக் கண்ணாடி!"

கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் நீட்டினார் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன், அப்படியும் வந்துவிட்டது. அவர் என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது.

பிறகு திட்டும் விழுந்தது, விழாமல் இல்லை. அது அரைமணி நேரம். அதை எழுத மாட்டேன். தண்டனை என்னவென்றால், முப்பத்தொரு பேருக்கும் நானே கையால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இரண்டு ஸ்டேஜையும் முடிக்க வேண்டும். அடுத்துத் தொழிற்சாலைக்குப் போகும் கேசட்டில் எட்டும் இருக்கும், அந்த முப்பத்தொரு பேருக்கும் புதிய கேசட் போகும். "உன் பட்டைக்காரம்மாவுக்கு முதல்ல அனுப்பு" என்றார். திரையில் பெயர்கள் வரும் இடத்தில் உங்கள் நாத்தனாரையும் போடச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு இடத்தில் நிற்கிறேன். விட்டில்பூச்சி செத்த பிறகு என்ன? மற்ற கேசட்டுகளில் புதையல் வரும், அரண்மனை வரும், வாணவேடிக்கை வரும். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. கேட்டு எழுதுங்கள்.

தம்பி


மே 18

தம்பி,

உன் முதலாளியின் கண்ணாடிக் கதையைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. அந்த ஆசிரியை இரண்டாவது தடவை கேட்க வந்தார்.

ஆட்ட முடிவைப் பற்றி நாத்தனாரிடம் கேட்டேன். பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே யோசித்தாள்.

"முதல் ஸ்டேஜ்ல இருந்து ஓடிக்கிட்டே இருக்காரு. ஒரு இடத்துல நின்னு மூச்சு வாங்கினதைப் பார்த்திருக்கோமா? அவருக்குப் புதையல் எதுக்கு அண்ணி? உக்கார ஒரு இடம் கொடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான் அவள் பதில்.

இனி எழுதுவதை அவளுக்குப் படித்துக்காட்டப் போவதில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். என் கணவர் பாதி வருஷம் கடலில். வீட்டில் நானும் இவளும்தான். ஆனால் எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக இருந்ததில்லை. சண்டையும் இல்லை. 'மார்பு முப்பத்தாறு, தோள் பதினாலு', 'குழம்பு அடுப்பில் இருக்கு', இதற்குமேல் எங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. உன் கேசட் வந்த பிறகுதான் நான் விழுந்தால் அவள் கத்தவும், அவள் விழுந்தால் நான் தலையில் அடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தோம். சிரித்தால் அவளுக்கு விக்கல் வரும் என்பதே எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஜூன் பன்னிரண்டுக்குள் முடி, முடி என்று உன்னை விரட்டியவள் நான். இப்போது மதியம் கதவைச் சாத்தும்போது, இன்று வேண்டாமே, நாளை ஆடலாமே என்று தோன்றுகிறது. ஆட்டம் முடியாமல் இருந்தால் அவள் கிளம்ப மாட்டாள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. முப்பத்தொன்பது வயதில் வருகிற நினைப்பா இது?

இதற்கெல்லாம் நீ பதில் எழுத வேண்டாம். வேலையைப் பார்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்கா,

கேசட் இத்துடன் வருகிறது. தொழிற்சாலைக்குப் போகும் முன் நானே கையால் சிப் பதித்து மூடியது. பெட்டி கிடையாது, மேலே ஒட்டியிருப்பதும் என் கையெழுத்துதான். கசகசவென்று இருந்தாலும் உள்ளே எட்டு ஸ்டேஜும் சத்தியமாக இருக்கின்றன. நானும் முதலாளியும் ஆளுக்கு ஒரு தடவை முழுதாக ஆடி முடித்தோம். அவர் வீட்டிலும் ஒரு தடவை முடித்தாராம். இந்தத் தடவை எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து முடித்தாராம்.

கடிகாரக் கோபுரத்தின் பள்ளம் இப்போது அறுபத்தெட்டுப் புள்ளி. உங்கள் அளவில் நாலேகால் அங்குலம். நாலு புள்ளி சலுகை உண்டு, அதற்குமேல் கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏழாவது ஸ்டேஜில் மூன்றாவது கொடியில் தொங்கும்போது தாவும் பொத்தானையும் அடிக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஆள் சட்டைக்குள் மாட்டிக்கொள்கிறான். ஏன் என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன். தொழிற்சாலைக்குப் போவதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். உங்களிடம் இனி எதையும் மறைப்பதாக இல்லை.

பதில் எழுத வேண்டாம் என்று சொன்னதற்குப் பதில் எழுதவில்லை. ஆனால் எட்டாவது ஸ்டேஜைக் கொஞ்சம் நீளமாக்கினேன்.

பன்னிரண்டாம் தேதிக்குள் வந்து சேர வேண்டுமே என்று தபால் ஆபீசில் என் கண் முன்னாலேயே முத்திரை குத்தச் சொல்லி நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பி,

உன் பார்சல் பதினொன்றாம் தேதி மாலை நாலரை மணிக்கு வந்தது. அன்று முழுவதும் வீட்டில் மூட்டை கட்டும் வேலை. தபால்காரர் கதவைத் தட்டினபோது நாத்தனார் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள், நான் பூட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். உன் கோணல் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் குதித்து இறங்கினாள். பெட்டி வாய் பிளந்து துணியெல்லாம் வெளியே வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அன்று மாலையே கடிகாரக் கோபுரம் வரைக்கும் போய்விட்டோம். பள்ளத்துக்கு முன்னால் வந்ததும் அவள் ஜாய்ஸ்டிக்கை என்னிடம் நீட்டினாள். "நீங்கதான் அளந்தீங்க, நீங்களே தாண்டுங்க" என்றாள். ஓடினேன், தாவினேன். அந்தப் பக்கம் கால் பதிந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்துவிட்டார்.

ஏழாவது ஸ்டேஜில் நீ சொன்ன மாதிரியே சட்டைக்குள் மாட்டிக்கொண்டோம். பொத்தான் சேர்த்து அழுத்தாதே என்று சொன்னால் அழுத்திப் பார்க்காமல் இருக்க முடியுமா? கொடியில் தொங்கியபடி அவன் சட்டைக்குள் கைகால் உதறினதைப் பார்த்து அவளுக்கு விக்கல் நிற்கவே இல்லை. அதை மட்டும் சரிசெய்யாமல் விட்டுவிடேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மீதியை ஆரம்பித்தோம். பஸ் பத்து மணிக்கு. மாப்பிள்ளை ஒன்பதுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். வாசலில் செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று ஒட்டி நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து விட்டில்பூச்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். யாரும் அவரை 'வாங்க' என்று சொல்லவில்லை. அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கடைசி உயிர் அவளுடையது. விட்டில்பூச்சியின் இரண்டு இறக்கையும் எரிந்து விழுந்தபோது மணி ஒன்பதரை. திரையில் ஊர் முழுக்க விளக்கு எரிந்தது. நம் ஆள் மெதுவாக நடந்து போனான், ஓடவில்லை. ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். கால்களை நீட்டினான். அவ்வளவுதான். நீ வேறு எதுவும் போடாமல் விட்டது ரொம்ப நல்லது.

அவள் என் தோளில் சாய்ந்தாள். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இது எப்படி ஆடறது? ஒரு தடவை பாக்கலாமா?" என்றார்.

முதல் ஸ்டேஜில் முதல் வௌவால் அவரைக் கொன்றது. "சரி, இப்பப் புரிஞ்சுது" என்றார். மறுபடியும் அதே வௌவால். மூன்றாவது தடவை வௌவாலைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தார். "பஸ்..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். ஒரு கிராம் கூடக் குறைந்தாலும் கடைக்காரரை விடாதவராம். அவர் பத்தே கால் வரைக்கும் 'ஒரே ஒரு தடவை' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மாலை ஆறு மணிக்கு.

நான் போய்ச் சோறு வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம், தட்டைக் கழுவாமல் திரும்ப வந்து உட்கார்ந்தோம். நாத்தனார் அவருக்கு வாத்தியார் ஆகிவிட்டாள். "குதிங்க, குதிங்க, ஐயோ அங்க இல்ல!" என்று அவர் முதுகிலேயே ஒன்று வைத்தாள். இரண்டாவது ஸ்டேஜ் முடிந்தபோது அந்த மனிதர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாவது ஸ்டேஜில் பேய் வந்தது. அதோடு அவர் கதை முடிந்தது. ஐந்தரை மணிவரை அந்தப் பேயைத் தாண்டவே இல்லை.

பஸ் நிலையத்தில் நான் அழுவேன் என்று நினைத்துக் கைக்குட்டை எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். அழுவதற்கு இடமே கிடைக்கவில்லை. பஸ் கிளம்புகிறவரைக்கும் மாப்பிள்ளை ஜன்னல் வழியாக என்னிடம் அந்தப் பேயைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பக்கமிருந்து அடிக்க வேண்டும், எத்தனை அடி அடித்தால் சாகும் என்று.

"நேர்ல காட்டினாத்தான் புரியும் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினார். "ஜூலை முதல் வாரம் நாலு நாள் லீவு போடறேன் அக்கா. நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம். கேசட்டை யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றார். அவருக்குப் பின்னாலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அதனால் தம்பி, உனக்கு ஒரு வேண்டுகோள். தொழிற்சாலைக்குப் போகும் கேசட்டில் மூன்றாவது ஸ்டேஜில் கை வைக்காதே. அந்தப் பேய் எவ்வளவு கஷ்டமாக இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்க முடியுமானால், நான் புகார் எழுத மாட்டேன்.

அக்கா